பின்பாரம்

கேட்டைத் தள்ளிட்டு வாங்க தம்பி. நாய் ஒண்ணும் பண்ணாது, குலைக்கறதோட சரி. ட்ரெய்லர் பாக்கத்தானுங்க வந்தீங்க? போன்ல பேசுனது நாந்தான், தெய்வசிகாமணி. தாராபுரத்துல சிகாமணி டைல்ஸ்னு கடை பாத்திருப்பீங்களே, அது நம்முளுது. ஜீப்பு எங்க? ரோட்டுலயே நிறுத்திட்டீங்களா. இருக்கட்டும், முதல்ல பொருளைப் பாருங்க, அப்பறமா உள்ள கொண்டாந்துக்கலாம்.

இதாங்க. சுத்தி வந்து பாருங்க, தட்டிப் பாருங்க. ஒரே ஒரு தடவைதான் ரோட்டுல போயிருக்குது. அந்த ஒரு தடவையும் முழுசாப் போகல. அதனால புதுசுன்னே சொல்லலாம்.

அப்பறம் ஏன் விக்கறீங்கன்னு கேக்கறீங்க. கேக்க வேண்டியதுதான். பொருள்ல கொறை இல்லீங்க தம்பி, பொருள் நிக்கற ஊட்டுலதான் கொறை. அந்தச் சேரை இழுத்துப் போட்டு உக்காருங்க. டீ வெச்சுக் குடுக்கலாம்னா ஊட்டுல ஆளில்ல. எங்கூட்டுக்காரி சாந்தாமணி ஓசூர் போயிருக்கறா. கல்யாணத்துக்கும் இல்ல, கருமாதிக்கும் இல்ல. ரேஸ் காரை இழுத்துக்கிட்டுப் போயிருக்கறா. அம்பது தாண்டுன பொம்பளை. சோறு வடிச்சு, ரசம் வெச்சு, எல்லாத்தையும் தட்டுப் போட்டு மூடிட்டு, ‘வாரனுங்க’ன்னு ஒரு வார்த்தை. போயிட்டா. எனக்கு அப்பளம் சுட்டுக்கக்கூடத் தெரியாதுன்னு அவளுக்குத் தெரியும்.

இதுக்கெல்லாம் மூலகாரணம் அவ தங்கச்சி கோகிலா. என்ற கொழுந்தியா. கோயமுத்தூர்ல பம்புசெட் கம்பெனில என்ஜினீயர். நல்ல சம்பளம். கல்யாணம் பண்ணிக்கல. மாப்பிள்ளை பாக்கட்டுமான்னு நானும் நோம்பிக்கு நோம்பி கேட்டுப் பாத்தேன். எனக்குக் காரு இருக்குது மாமாங்கறா. ரேஸ் ஓட்டறவ தம்பி. பெரிய மண் மைதானத்துல அங்கங்க கூம்பு வெச்சிருப்பாங்க, அதைச் சுத்திச் சுத்தி வளைச்சு ஓட்டிட்டு கெளம்புன எடத்துக்கே திரும்பி வரோணும். கெளம்புன எடத்துக்கே வர்றதுக்கு எதுக்கு அத்தனை வேகம்னு ஒரு நாள் கேட்டேன். சிரிச்சா. படிச்சவங்க அப்படித்தான், பதில் தெரியலைன்னா சிரிச்சுருவாங்க.

அந்தக் காரைப் பாக்கோணுமே நீங்க. ஒரு பழைய எஸ்டீம். உள்ள இருந்த சீட்டையெல்லாம் புடுங்கிட்டு, இரும்புக் குழாயை வளைச்சு வளைச்சு வெல்டிங் வெச்சு, குருவிக்கூண்டு மாதிரி ஆக்கி வெச்சிருக்கறா. அதை ரோட்டுல ஓட்டக் கூடாதாம், சட்டமாம். காரு வாங்கறது ரோட்டுல ஓட்டறதுக்குத்தானுங்க? இவ காருக்குக் கால் தரையில படக் கூடாது, பெரிய எடத்துப் பொண்ணு மாதிரி. பல்லக்கு வெச்சுத் தூக்கோணும். கோயமுத்தூர்ல அவ இருக்கற அடுக்குமாடியில நிறுத்த எடமில்லைன்னு காரை நம்ம தேங்காய்க் களத்துல கொண்டாந்து போட்டுட்டா. ஒவ்வொரு ரேசுக்கும் ரெக்கவரி வண்டி வாடகைக்கு வந்து ஏத்திட்டுப் போகும்.

நானும் சும்மா இருந்திருக்கலாம். கொழுந்தியா பாவம், தனியாக் கஷ்டப்படறாளேன்னு மனசு கேக்கல. அதுவுமில்லாம பானெட்டு மேல கடை பேரு எழுதிக்கலாம் மாமான்னு அவளே சொல்லியிருந்தா. மஞ்சள்ல, செவப்பு ஓரம் குடுத்து, ‘சிகாமணி டைல்ஸ், தாராபுரம்’. அப்படி ஒரு எழுத்து. அதைப் பாத்த அன்னைக்குத்தான் சொன்னேன், ட்ரெய்லர் நானே செஞ்சு குடுத்தர்றேன், நம்ம பொலீரோ ஜீப்புல மாட்டி நானே ஓட்டிட்டு வந்தர்றேன், உனக்கு இனி வாடகை வேண்டாம்னு. இப்படிச் சொல்ற மாமன் ஆருக்குக் கெடைப்பான்? கையெடுத்துக் கும்பிட வேண்டாம், கம்முனாவது இருக்கலாமில்லீங்க?

அவ கேள்வி கேக்க ஆரம்பிச்சுட்டா. காரு என்ன எடை, ட்ரெய்லர் என்ன எடை, ரெண்டும் சேந்தா பொலீரோ தாங்குமான்னு வண்டிக்காரங்க குடுத்த புஸ்தகத்தை எடுத்துப் பாருங்கங்கறா. பொலீரோ யானையையே இழுக்கும்னு சொன்னேன். இழுக்கறது பெருசில்ல மாமா, நிறுத்தறதுதான் பெருசுங்கறா. ரெண்டு அச்சு வெச்ச ட்ரெய்லராத்தான் வேணுமாம். நாலு சக்கரம் இருந்தா ஆட்டம் இருக்காதாம், ஒரு டயர் வெடிச்சாலும் மத்தது தாங்குமாம். ட்ரெய்லருக்குன்னு தனியா பிரேக் வேற வேணுமாம்.

நான் கேட்டேன், ஏஞ்சாமி, ஜீப்புக்கு பிரேக் இருக்குது, ட்ரெய்லர் ஜீப்புல மாட்டியிருக்குது, ஜீப்பு நின்னா அது எங்க போயிரப் போகுது?

“உங்க மேல வரும் மாமா” அப்படீன்னா.

மாமங்கிட்டப் பேசற பேச்சைப் பாருங்க.

நான் யார் பேச்சையும் கேக்கல. வெள்ளகோயில் ரோட்டுல டிராக்டர் டிப்பர் செய்யற பட்டறை ஒண்ணு இருக்குது. பட்டறைக்காரர் தங்கமான மனுசன், நான் சொன்னது ஒவ்வொண்ணுக்கும் தலையாட்டுனாரு. ஒரே அச்சு போதும்னேன், ஆட்டுனாரு. பிரேக் வேண்டாம்னேன், ஆட்டுனாரு. நம்ம ஊட்டுல பழைய வேன் டயர் ரெண்டு கெடக்குது, அதையே மாட்டுங்கன்னேன், அதுக்கும் ஆட்டுனாரு. அந்த மாதிரி ஆளுங்க இப்பெல்லாம் கெடைக்கறதில்ல. லைட்டு இல்லையான்னு பாக்கறீங்களா? ஓரத்துல வரிசையா இருக்குது பாருங்க, செவப்பு, பச்சை, நீலம். எரிஞ்சா தேரு மாதிரி இருக்கும். திரும்பற லைட்டு மட்டும் இல்ல. கையை வெளிய நீட்டிக்கலாம், கடவுள் எதுக்குக் கை குடுத்திருக்கறாரு?

ஆடி மாசம் ரேஸ். கோயமுத்தூர் தாண்டி ஒரு மைதானத்துல. கோகிலா ஏதோ பேரு பதியோணும், காயிதம் காட்டோணும்னு நேரா அங்க போயிட்டா. காரை ஏத்தற வேலை என்னுது. அவ சும்மா இருந்தாளா? அக்காளுக்கு போன் போட்டு, அதைச் சொல்லு, இதைச் சொல்லுன்னு ஒரே பாடம். சாந்தாமணியும் போனைக் காதுல வெச்சுக்கிட்டு, ‘ஏனுங்க, காரு மூஞ்சி ஜீப்பப் பாத்து இருக்கோணுமாமா. என்ஜின் கனம் ட்ரெய்லரோட முன்பக்கம் வரோணுமாமா. ஏனுங்க, ஒவ்வொரு சக்கரத்துக்கும் தனித்தனியா பெல்ட்டு போட்டு இறுக்கோணுமாமா’ன்னு என்ற பின்னாலயே சுத்தறா.

யோசிச்சுப் பாருங்க தம்பி. காரு மூஞ்சி ஜீப்பப் பாத்து இருந்தா, பானெட்டும் ஜீப்பத்தான் பாக்கும். கடை பேரை ஆரு படிக்கறது, நானா? எனக்குத் தெரியும் என்ற கடை பேரு. பின்னால வர்றவன் காரோட டிக்கியப் பாத்துட்டு டைல்ஸ் வாங்க வருவானா? அதனால காரை ரிவர்ஸ்ல ஏத்துனேன். பானெட்டு ரோட்டைப் பாத்து ஜம்முனு நின்னுச்சு. தாராபுரத்துல இருந்து கோயமுத்தூர் வரைக்கும் நெடுக விளம்பரம்.

அப்ப எங்கூட்டுக்காரி ஒரு வார்த்தை சொன்னா. அவங்கப்பன் காலத்துல மாட்டு வண்டி இருந்த குடும்பம் அது. “ஏனுங்க, பின்பாரமாயிடாதுங்களா? வண்டியில மூட்டையப் பின்னால அடுக்குனா நொகத்தடி மாட்டுக் கழுத்தை விட்டு மேல தூக்கிக்குமே.”

மாட்டு வண்டியும் பொலீரோவும் ஒண்ணான்னு கேட்டேன். எலுமிச்சை சாதம் கட்ட உள்ள போயிட்டா. பேச என்ன இருக்குது?

நெசமாவே ஜீப்போட பின்பக்கம் சித்தெ மேல தூக்கிட்டுத்தான் நின்னுச்சு. நல்லதாப் போச்சு, ஜீப்பு மேல பாரமே இல்ல, டீசல் மிச்சம்னு நெனச்சுக்கிட்டேன். பெல்ட்டுக்குப் பதிலா கடையில இருந்த நைலான் கயித்தைப் போட்டு நானே இறுக்கிக் கட்டுனேன். கொக்கிக்கும் ஜீப்புக்கும் நடுவுல ரெண்டு சங்கிலி குறுக்க மாட்டோணும்னு தங்கச்சி சொல்றாளாம். கொக்கி கழண்டா சங்கிலி புடிச்சுக்குமாம். கழலாத கொக்கிக்கு எதுக்குச் சங்கிலி? பெல்ட்டு கட்டுன வேட்டிக்கு மேல இன்னொரு கயிறு கட்டிக்கிட்டு எவனாச்சும் ஊருக்குள்ள போவானா?

சாந்தாமணி பஸ்ல வாரேன்னா. நாந்தான் விடல. எலுமிச்சை சாதம் கட்டி வெச்சிருக்கறே, ஒட்டுக்காப் போலாம் ஏறுன்னு ஏத்திக்கிட்டேன்.

குண்டடம் வரைக்கும் ராஜா மாதிரிப் போனோம். ஓவர்டேக் பண்றவன் அத்தனை பேரும் திரும்பிப் பாக்கறான். ஒரு லாரிக்காரர் பக்கத்துல வந்து, கையை இப்படி இப்படி ஆட்டி ஆட்டி ஏதோ சொன்னாரு. கடை பேரைப் படிச்சுட்டுப் பாராட்டறாரு போலன்னு நானும் கையாட்டுனேன். அவரு தலையில அடிச்சுக்கிட்டுப் போனாரு. சில பேருக்கு அடுத்தவன் நல்லாருந்தாப் பொறுக்காது.

அந்தப் பக்கம் கரண்ட் எடுக்கற காத்தாடி நெறைய நிக்கும், பாத்திருப்பீங்க. ஆடிக்காத்து சும்மா அள்ளிட்டுப் போகும். அங்க ஒரு எறக்கம். பின்னால ஒரு பஸ்காரன் ஹாரனை வெச்சு அழுத்திக்கிட்டே வர்றான். அவனுக்கு எதுக்கு வழி விடோணும்னு நானும் கொஞ்சம் வெசையாப் போனேன். அப்பத்தான் பின்னால யாரோ ஜீப்பப் புடிச்சு உலுக்கற மாதிரி இருந்துச்சு. கண்ணாடியில பாத்தா, ட்ரெய்லர் அந்தப் பக்கம் ஒரு வீச்சு, இந்தப் பக்கம் ஒரு வீச்சு. ஈ மொய்ச்ச எருமை வாலை வீசுமே, அப்படி. ஒவ்வொரு வீச்சுக்கும் ஜீப்போட பின்பக்கத்தையும் சேத்து இழுக்குது.

சாந்தாமணி கத்தல. அதுதான் எனக்கு இன்னைக்கும் ஆச்சரியம். பாம்பைப் பாத்தா ஊரைக் கூட்டறவ. டேஷ்போர்டைப் புடிச்சுக்கிட்டு மெதுவாச் சொன்னா, “கால மட்டும் எடுங்க. பிரேக்க மிதிக்காதீங்க. ஸ்டீரிங்க ஆட்டாம நேராப் புடிச்சுக்குங்க.”

முப்பது வருசமா வண்டி ஓட்டறவனுக்கு, பக்கத்துல சோத்து மூட்டைய மடியில வெச்சுக்கிட்டு உக்காந்திருக்கறவ சொல்றா. வண்டி நிக்கோணும்னா பிரேக்கத்தானுங்க மிதிக்கோணும்? மிதிச்சேன். நல்லாவே மிதிச்சேன்.

ஜீப்பு ரோட்டுக்குக் குறுக்க திரும்பி நின்னுச்சு. கொக்கி கழண்டுருச்சு. ட்ரெய்லர் தனியா, ஆளில்லாத வண்டி, எறக்கத்துல அதும்பாட்டுக்குப் போகுது. போய் ஓரத்துப் பள்ளத்துல ஒரு சக்கரம் எறங்கி, பின்பக்கம் எறக்கத்தைப் பாக்கற மாதிரி சுத்தி சாஞ்சுச்சு. கயிறு பட்டு பட்டுன்னு அந்துருச்சு. காரு அதுமேல இருந்து மூஞ்சி முன்னால எறங்கி, எறக்கத்துல உருண்டு போச்சு. அங்க ஒரு இட்டேரி மெயின் ரோட்டுல வந்து சேருது. ரெண்டு பக்கமும் கள்ளி வேலி. அந்த எடத்துல ஒரு பால்காரர், ரோட்டுல ஏர்றதுக்கு மொபெட்ட நிறுத்திக் காத்துக்கிட்டு இருந்திருக்கறாரு. ரெண்டு பக்கமும் பால் கேனு. மொபெட்டுல முன்னால அவரு பொண்ணு நின்னுக்கிட்டு இருந்துச்சு, பள்ளிக்கோடத்து உடுப்புல, ரெட்டைச் சடை போட்டு. ஒண்ணாவதோ ரெண்டாவதோ படிக்கும்.

காரு வேலியச் சிராய்ச்சுக்கிட்டுப் போய், மொபெட்டோட முன் சக்கரத்தை முட்டி நின்னுச்சு. தள்ளல. முட்டி நின்னுச்சு. கேனு சாஞ்சு பால் முச்சூடும் மண்ணுல. மத்தபடி ஒருத்தருக்கும் ஒரு கீறல் இல்ல. சேதாரம்னு பாத்தா பாலுக்குத்தான். அதுக்கும் அந்த எடத்துலயே காசு குடுத்துட்டேன், கேட்டதுக்கு மேலயே.

அந்தப் பொண்ணு அழுவல. அழுதிருந்தாக்கூடப் பரவாயில்ல. பானெட்டுல எழுதியிருந்ததையே பாத்துக்கிட்டு நின்னுச்சு. எழுத்துக் கூட்டிப் படிக்கற வயசு பாருங்க.

சரி அதை விடுங்க.

எல்லாம் காத்து பண்ணுன வேலை தம்பி. ஆடிக்காத்துல பெரிய பெரிய லாரியே ஆடும். நான் அங்கயே எல்லாருக்கும் எடுத்துச் சொன்னேன். பஸ்ல வந்தவங்க எறங்கிக் கூட்டமா நின்னாங்க, ஒருத்தனும் காதுல வாங்கல. பானெட்டுல வேலி கீறி ‘சிகா’ங்கற எழுத்து போயிருச்சு. ‘மணி டைல்ஸ்’னு இருக்குது. தாராபுரத்துல மணி டைல்ஸ்னு நெசமாவே ஒருத்தன் கடை வெச்சிருக்கறான் தம்பி. எனக்கு எப்படி இருக்கும்?

நான் இங்க பதறிக்கிட்டு இருக்கறேன், சாந்தாமணி போய் அந்தப் பொண்ணைத் தூக்கி இடுப்புல வெச்சுக்கிட்டா. மண்ணுல உக்காந்துட்டா. பால்காரரு கேட்டும் குடுக்கல, சித்தெ இருங்கண்ணான்னு சொல்லி வெச்சுக்கிட்டே இருக்கறா. கட்டிட்டு வந்த எலுமிச்சை சாதத்தைப் பிரிச்சு அதுக்கு ஊட்டறா. எனக்கும் பசிதான். கேப்பாளா?

அப்பறம் ஜீப்ப நேராக்கிட்டு ஏறுன்னு கூப்பிட்டேன். வரல. அவ பாட்டுக்கு எதுத்தாப்ல வந்த தாராபுரம் பஸ்ஸுக்குக் கையக் காட்டி ஏறிப் போயிட்டா. கட்டுன புருசனை நடுரோட்டுல விட்டுட்டு. நான் தனியா கிரேனுக்கு போன் பண்ணி, தனியா நின்னு எல்லாத்தையும் ஏத்தி, தனியா வந்து சேந்தேன். இதையெல்லாம் சொந்தம் ஒறம்பரையில ஆருகிட்டயாவது சொன்னா நாயம் கேப்பாங்க. சொல்லல. குடும்ப மானம்.

கோகிலா வந்து சண்டை போடுவான்னு காத்துக்கிட்டு இருந்தேன். அந்த ரேசுக்கு ஒரு வருசமா தயார் பண்ணியிருந்தா, போச்சு. வந்தா, காரைச் சுத்திப் பாத்தா, ட்ரெய்லரைச் சுத்திப் பாத்தா, அக்கா உனக்கு ஒண்ணும் ஆகலையேன்னா. என்னைப் பாத்து சாப்பிட்டீங்களா மாமான்னா. அவ்வளவுதான். நாலு வார்த்தை திட்டியிருந்தா நானும் நாலு வார்த்தை சொல்லியிருப்பேன். காத்தைப் பத்திச் சொல்லியிருப்பேன். அதுக்கும் வழியில்ல.

அன்னையில இருந்து எங்கூட்டுக்காரிக்கு மூட்டு வலி. நான் ஓட்டற வண்டியில ஏர்றதில்ல. கால் தூக்கி வெக்க முடியலீங்கங்கறா. கோயிலுக்குக் கூப்பிட்டா பஸ், கல்யாணத்துக்குக் கூப்பிட்டா பஸ். மருந்து வாங்கிக் குடுத்தேன், தைலம் வாங்கிக் குடுத்தேன். சரியாகல. ஆனா பாருங்க தம்பி, அதே ஜீப்புல டிரைவர் சீட்டுல ஏறி உக்கார்றப்ப மட்டும் அந்த மூட்டு எப்படி மடங்குதுன்னு எந்த டாக்டருக்கும் தெரியாது.

ஆமாங்க, ஓட்டறா. சின்ன வயசுல அப்பன் தோட்டத்துல டிராக்டர் ஓட்டுனவளாம். கல்யாணத்துக்கப்பறம் சொன்னதே இல்ல. நானும் கேட்டதில்ல, எதுக்குக் கேக்கோணும்? கோகிலா ஒரு ட்ரெய்லர் வாங்கிட்டு வந்தா. ரெண்டு அச்சு, தனி பிரேக், திரும்பற லைட்டு, அவ கேட்டது அத்தனையும் இருக்குது. அதுல அழகுன்னு ஒண்ணு கூட இல்ல. அக்காளும் தங்கச்சியும் நம்ம தேங்காய்க் களத்துல, வெறும் ட்ரெய்லரை மாட்டிக்கிட்டு, முன்னால போறதும் பின்னால வர்றதும். பின்னால வர்றப்ப அது நாம திருப்பறதுக்கு எதுத்த பக்கம் போகுமில்லீங்க? அதுக்கு கோகிலா ஒரு சூட்சுமம் வெச்சிருக்கறா. ஸ்டீரிங்க அடியில புடிச்சுக்கோணுமாம், ட்ரெய்லர் எந்தப் பக்கம் போகோணுமோ அந்தப் பக்கம் கைய நகத்தோணுமாம். பழகறப்ப சாந்தாமணி என்ற புதுக் காம்பவுண்டுச் செவுத்துல ரெண்டு எடத்துல இடிச்சா. நான் ஒண்ணும் சொல்லல. ஒரு வாரம் பேசுனேன், அவ்வளவுதான்.

ஒரு நாள் இவளுக ரெண்டு பேரும் இல்லாதப்ப, இதுல என்ன இருக்குதுன்னு நானும் ரிவர்ஸ் எடுத்துப் பாத்தேன். ட்ரெய்லர் மடங்கி வந்து ஜீப்போட பின் லைட்ட ஒடைச்சுப் போட்டுருச்சு. ட்ரெய்லர் சரியில்ல.

இப்ப ரேசுன்னா ஊட்டுல நடக்கற கூத்தைப் பாக்கோணும். எடை பாக்கற மெசின் இருக்குமே, நாம ஏறி நிப்பமே, சாந்தாமணி அதை எடுத்துட்டுப் போய், கொக்கி மாட்டற ட்ரெய்லர் மூக்குக்கு அடியில வெச்சு, பலகை குடுத்து, எடை பாக்கறா. மொத்த எடையில பத்துல ஒரு பங்கு மூக்குல இருக்கோணுமாம். கொறைஞ்சா காரை முன்னால தள்ளறது, எச்சானா பின்னால தள்ளறது. நான் எளைச்சுப் போயிட்டேன்னு கடைப் பையனே சொல்றான். என்னை ஒரு நாள் அந்த மெசின்ல ஏறச் சொல்லியிருக்கறாளா? ட்ரெய்லருக்குக் குடுக்கற கவனிப்பு புருசனுக்கு இல்ல.

அப்பறம் டயருக்குக் காத்து. அப்பறம் சக்கரத்துக்கு ஒரு பெல்ட்டு. சங்கிலி ரெண்டும் குறுக்க. நான் பின்னால நின்னு லைட்டு எரியுதான்னு சொல்லோணும், அது ஒண்ணுதான் இந்த ஊட்டுல எனக்குன்னு விட்டு வெச்சிருக்கற உத்தியோகம். கெளம்பிக் கொஞ்ச தூரம் போனதும் மறுபடி நிறுத்தி, எறங்கி, பெல்ட்டு தளந்திருக்குதான்னு இழுத்துப் பாக்கறதாம், சக்கரத்து நடுவுல கைய வெச்சு சூடு பாக்கறதாம், கொழந்தைக்குக் காய்ச்சலான்னு பாக்கற மாதிரி. இத்தனை பண்ணிட்டு, அறுவதுக்கு மேல போறதில்ல. மாட்டு வண்டிக்காரன் மொறைச்சுப் பாப்பான். போற வழியில குண்டடத்துக்கிட்ட அந்த இட்டேரிக்குள்ள நடந்து போய், ஆரையோ பாத்துட்டுத்தான் வர்றாளாம். பால்காரரு ஊடு உள்ளதான் இருக்குதுன்னு கோகிலா சொன்னா. எதுக்குப் போறேன்னு நான் கேக்கல.

அதனாலதான் தம்பி, இதை வித்துரலாம்னு போன்ல போட்டோ எடுத்துப் போட்டேன். இது இங்க நிக்கறது அவளுக்குப் புடிக்கல. வாயத் தொறந்து சொல்ல மாட்டா. இது மேல சேலை காயப் போடறா, இதுக்கடியில கோழிக்குத் தீனி வெக்கறா. வர்றவன் போறவன் எல்லாம், என்னங்க சிகாமணி, ரெண்டு ட்ரெய்லரான்னு ஒரு சிரிப்பு. அவ ஓசூர்ல இருந்து வர்றதுக்குள்ள எடம் காலியாயிரோணும். வந்து பாக்கட்டும், நான் செஞ்ச பொருளுக்கும் ஆள் இருக்குதுன்னு தெரியட்டும்.

வெலை போன்ல பேசுனதுதான், அதுல மாத்தமில்ல. உங்க காரு என்னன்னு சொன்னீங்க? கரூர்ல நிக்குது, ஓடாத காரு. வாங்கிப் போட்டு ஊட்டுலயே வெச்சு சரி பண்ணப் போறீங்க. நல்ல பொழுதுபோக்கு. இன்னைக்கே போய் ஏத்திட்டு வரோணும்ங்கறீங்க. தாராளமா. இதுல எல்லாம் ஏறும். பிரேக்கா? அதான் சொன்னனே, வேண்டாம்னு வெச்சது. நீங்க படிச்ச பையன், பாத்துக்குவீங்க. போங்க, ஜீப்ப உள்ள கொண்டாங்க, கொக்கிய நானே மாட்டித் தர்றேன்.

வாங்க, வாங்க. நேரா வாங்க. சித்தெ எடதுபக்கம். இன்னும், இன்னும். போதும். நிறுத்துங்க.

வணக்கம்மா. எறங்க வேண்டாம், உக்காந்துக்குங்க. நீங்களும் கரூர் போறீங்களா. சரி சரி.

பின் சீட்டுல ஆருங்க படுத்திருக்கறது?

உங்க பொண்ணா.

நல்லாத் தூங்குது. பள்ளிக்கோடம் லீவுங்களா. அம்மாவைப் பெத்த அப்பிச்சி ஊடு கரூர்லயா, அதான் ஒட்டுக்காப் போயிட்டு, காரையும் ஏத்திட்டு, மூணு பேருமே இதுலயே திரும்பி வர்றதா ரோசனை.

ம்.

இல்ல தம்பி, அதைத் தூக்காதீங்க. கொக்கிய விடுங்க. கீழ வெச்சுருங்க. வெச்சுருங்கன்னு சொல்றனில்ல.

வெலையெல்லாம் இல்லீங்க. வெலை போதும். காச உள்ள வெச்சுக்குங்க. பொருள்லயும் ஒண்ணுமில்ல, பொருள்ல கொறைன்னு ஆரு சொன்னா? நான் சொன்னனா? அதெல்லாம் காத்து பண்ணுன வேலைன்னுதான சொன்னேன். இது என்னன்னா, எங்கூட்டுக்காரி ஊர்ல இல்ல பாருங்க. அவளை ஒரு வார்த்தை கேக்கோணும். ஆமாங்க. இந்த ஊட்டுல அவளைக் கேக்காம நான் ஒரு துரும்பக்கூட எடுத்து வெச்சதில்ல. என்னைக்குமே அப்படித்தான்.

சிரிக்கறதுக்கு என்னம்மா இருக்குது இதுல?

கோவிச்சுக்காதீங்க தம்பி. வெட்டியா அலைய விட்டுட்டேன்னு நெனைக்காதீங்க. நீங்க பாட்டுக்கு இப்படியே கரூர் போங்க, பொண்ணை அப்பிச்சிகிட்டக் காட்டுங்க, சாப்பிடுங்க, பொழுதோட ஊரு வந்து சேருங்க. காரு எங்கயும் ஓடிப் போகாது, அதான் ஓடாத காராச்சே. ஞாயித்துக்கெழமை சாந்தாமணி வந்துருவா. ரெண்டு அச்சு வண்டி அவகிட்ட இருக்குது. அவளே கரூர் போய், காரை மூஞ்சி முன்னாலயே வெச்சு ஏத்தி, உங்கூட்டு வாசல்ல எறக்கித் தருவா. வாடகையெல்லாம் ஒண்ணும் வேண்டாம்.

உறுதியாத்தான் சொல்றேன். நான் சொன்னா அவ செய்வா.

என்ன அப்படிப் பாக்கறீங்க?

சரிங்க. கேட்டுப் பாக்கறேன்.